உடம்போடு ஒட்டின ஸ்வெட்டர்

ஸ்வெட்டர் பின்னுவது என்றால், குளிர் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் உட்கார்ந்து, எங்கேயோ நடுங்கப்போகும் ஒருவருக்காக நாம் வியர்த்துக் கொட்டுவது. பிளவுஸ் தைப்பவர்களே, பல்செட் கட்டுபவர்களே, அடுத்தவர் உடம்புக்கு அளவாக எதையாவது செய்து கொடுத்துப் பேச்சு வாங்கியிருக்கும் அத்தனை பேருமே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. "அளவெடுத்துதானே செஞ்சீங்க, அப்புறம் எப்படித் தப்பும்?" என்று கேட்பார்கள்.

நான் குன்னூர்க்காரி, பெயர் லில்லி. கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் பின்னல் ஊசிகளையும் போட்டுக்கொண்டு வந்தேன். என் கணவர் ஜோசப் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்த ஊசிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த வச்சிக்கினு இந்த ஊர்ல இன்னா பண்ணப் போற? இட்லி வெந்துச்சான்னு குத்திப் பாக்கலாம்" என்றார். சில வருடம் அவை அதற்குத்தான் பயன்பட்டன.

அப்புறம் தொண்ணூத்தொண்ணு வந்தது. அந்த வருடம் எங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. அந்தத் துக்கத்தை இங்கே பேசப் போவதில்லை. மழைக்காலம் தொடங்கியபோது ஜோசப்பின் கம்பெனி, டெம்பரரி ஆட்களைப் பேட்ச் பேட்சாக இமாச்சலப் பக்கம் ஒரு மலையடிவாரத் தொழிற்சாலைக்கு டிரெயினிங் அனுப்ப ஆரம்பித்தது. முழுசாக முடித்து வந்தால் வேலை நிரந்தரம். பாதியில் திரும்பினால் மறுபடி டெம்பரரிதான். அந்த ஊர்க் குளிருக்கு லுங்கியும் பனியனும் போதாது என்று யாரோ சொல்லிவிட, என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

மூச்சைப் பிடித்த சூப்பர்வைசர்

முதல் ஆர்டர், பேட்சுக்குக் காவலாகப் போகவிருந்த ஒரு சூப்பர்வைசருடையது. நல்ல மனிதர், நல்ல தொந்தி. டேப்பை வயிற்றைச் சுற்றிப் போட்டதும் மனிதர் காணாமல் போய்விட்டார். தொந்தி எங்கே போனதென்றே தெரியவில்லை. பெண்பிள்ளை அளவெடுக்கும்போது எந்த ஆண்பிள்ளை தொந்தியை வெளியே விடுவான்? அந்த விவரம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. டேப் சொன்னதை நம்பிப் பின்னிவிட்டேன்.

வாங்கிப் போட்டுக்கொண்டார். மார்பு வரைக்கும் சீராக இறங்கிய ஸ்வெட்டர் அதற்குக் கீழே இறங்க மறுத்துச் சுருண்டுகொண்டது. இரண்டு பக்கமும் பிரித்து, பட்டை பின்னிச் சேர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து அளவெடுக்கும்போது, "இன்னிக்கு வீட்ல என்ன குழம்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பைப் படிப்பேன். குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே யாராலும் வயிற்றை எக்க முடியாது. பட்டை வைத்ததை வாங்கிப் போகும்போதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "அளவு குடுத்த அன்னிக்கு நான் சாப்டாம வந்துட்டேம்மா" என்றார்.

கர்சீப்

இனி வருவதெல்லாம் ஒரே ஒரு ஸ்வெட்டரைப் பற்றியது. அதற்கு ஆர்டர் கொடுத்தவள் சரோஜா. தண்டலம் பக்கம், பெங்களூர் ரோட்டோரம் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பியைச் சுருளாக, 'காயில்' என்பார்களே, அதைச் சுற்றுகிறவள். கணவன் ஏழுமலை முதல் பேட்சிலேயே இமாச்சலம் போய்விட்டான். உட்காரச் சொன்னதற்குக்கூட உட்காராமல், நின்றபடியே சொன்னாள்: "தொளதொளன்னு வேணாக்கா. ரிப் வச்சிப் பின்னுவாங்களே, உடம்போட ஒட்டினு, அந்த மாதிரி வேணும். எங்கயும் காத்து பூறக் கூடாது. சீக்கிரமாவும் வேணும்."

எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஏழுமலைக்கு வீசிங். கொஞ்சம் குளிர் பட்டாலும் நெஞ்சு இழுக்கும். கம்பெனி டாக்டரிடம் மறைத்துவிட்டுப் போயிருக்கிறான். அங்கே ஒரு தடவை இழுத்து, யாராவது பார்த்துவிட்டால் போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் போகட்டும், அந்த ஊரில் மூச்சு முட்டினால் முதுகைத் தடவிவிட யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய பயம். அவர்கள் தெருக்காரர் ஒருவர் அடுத்த பேட்சில் கிளம்புகிறார். அதற்குள் ஸ்வெட்டர் அவர் பையில் ஏறியாக வேண்டும்.

அவசரம் என்றாலும் சாம்பிள் பின்னாமல் நான் தொடங்குவதில்லை. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கைக் கண்ணிகள் என்று இருந்தாலும், இறுக்கிப் பின்னுகிற கைக்கு ஒரு அகலம், தளர்த்திப் பின்னுகிற கைக்கு ஒரு அகலம் வரும். ஒரு அங்குலத்துக்குள் அரைக் கண்ணி கூடிக் குறைந்தாலும், மார்பைச் சுற்றி வரும்போது அது பெரிய வித்தியாசமாகி, ஸ்வெட்டர் வேறு ஒருவருடையதாகிவிடும். அதனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, நனைத்து, காயவைத்து, கண்ணிகளை எண்ணிய பிறகுதான் கணக்குப் போடுவேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து ஆசையாக வந்த சரோஜா, கொடியில் தொங்கிய அந்தத் துண்டைப் பார்த்தாள். "இன்னாக்கா, ஸ்வெட்டர் கேட்டா நீ கர்சீப் பின்னிக் காயப் போட்டுக்கினு கீற?"

மெத்தைக்கு அளவு

துண்டு சரியாக வந்துவிட்டது, ஆனால் அளவு கொடுக்க ஆள் ஊரில் இல்லை. சரோஜா அவனுடைய சட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒன்று கல்யாணத்துக்குத் தைத்தது. "அப்போ நல்லா இருந்தாரு, அப்பால இளைச்சிட்டாரு" என்றாள். இன்னொன்று தீபாவளிக்கு வாங்கிய ரெடிமேட், அதற்குள் அவனும் இன்னொருவனும் தாராளமாகக் குடியிருக்கலாம். உடம்போடு ஒட்டுகிற ஸ்வெட்டரைச் சட்டையை வைத்துப் பின்ன முடியாது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "ஏம்மா, கட்டிப் பிடிச்சா உன் கை எதுவரைக்கும் வரும்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகினாள். பிறகு, "இந்தக் கை வெரலு அந்தக் கை முட்டியத் தொடும்க்கா" என்றாள். போதும் எனக்கு. எங்கள் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி, துணிக்கயிற்றால் கட்டி, சுவரோரம் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கட்டிப் பிடித்தாள். "இவ்ளோ இல்லக்கா" என்றாள். கயிற்றை இறுக்கினேன். "இன்னும் கொஞ்சம்." இறுக்கினேன். "அய்யோ, இவ்ளோ ஒல்லி இல்ல." தளர்த்தினேன். "ஆங், இவ்ளோதான்க்கா" என்றாள். ஆனால் விடவில்லை. கன்னத்தை மெத்தையில் வைத்தபடி அப்படியே நின்றாள். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேறு பக்கம் பார்த்தேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து முதல் ஷிப்ட் முடிந்து ஜோசப் உள்ளே வந்தார். யாரோ ஒரு பெண் எங்கள் மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "நா வேணா டீ சாப்ட்டு அப்பால வர்ட்டா?"

புடலங்காய்ச் சட்டை

ரிப் பின்னல் பின்னியவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். இரண்டு கண்ணி முன்னால், இரண்டு கண்ணி பின்னால் என்று மாற்றி மாற்றிப் போவதால், கீழே வைத்தால் வரிகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சுருங்கிவிடும். அது போதாதென்று, உடம்போடு ஒட்ட வேண்டுமானால் உடம்பைவிடக் குறைவாகவே பின்ன வேண்டும். போட்டால்தான் விரியும். இது எனக்குத் தெரியும், சரோஜாவுக்குத் தெரியாது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்து கட்டில்மேல் வைத்திருந்தேன். பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் இருண்டுவிட்டது.

"இது இன்னாக்கா, பொடலங்காய்க்குச் சட்டையா?" என்றாள். இறங்கி வந்த குரல் அப்புறம் ஏறியது. "அன்னிக்கு அவ்ளோ நேரம் அளவு எடுத்தியே! ஞாயித்துக்கெழம எங்க தெருக்காரரு கெளம்பிடுவாரு. இனிமே எப்பக்கா பிரிச்சிப் பின்னுவ?" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் கோபம் வந்தது. என் கைவேலையைப் புடலங்காய் என்று சொன்னால் வராதா? விறுவிறுவென்று மெத்தையைச் சுருட்டினேன். அன்றைய அளவுக்குக் கயிற்றில் முடிச்சு போட்டு வைத்திருந்தேன். அதே முடிச்சுக்குக் கட்டி, ஸ்வெட்டரை மேலிருந்து இழுத்து இறக்கினேன். வரிகள் ஒவ்வொன்றாக விலகி, இழுத்த இடத்தில் இழுத்தபடி மெத்தையோடு உட்கார்ந்தது.

சரோஜா சுற்றிச் சுற்றி வந்தாள். அக்குள் இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள், இடுப்புப் பக்கம் தடவிப் பார்த்தாள். எங்கேயும் இடைவெளி இல்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி. மூச்சு இழுக்கிறவனுக்கு இத்தனை ஒட்டினால் முட்டாதா? மெத்தையின் மார்பில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க, மூச்சு வுடு பாக்கலாம்."

சரோஜாவின் கை

கைகள் மட்டும் பாக்கியிருந்தபோது, "நானும் கொஞ்சம் பின்னட்டாக்கா?" என்று கேட்டாள். வாடிக்கையாளரைப் பின்ன விடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. ஸ்வெட்டர் கை மணிக்கட்டில் தொடங்கி மேலே போவது. இடது கையின் மணிக்கட்டுப் பட்டையை அவளிடம் கொடுத்து, இரண்டு முன்னால், இரண்டு பின்னால் என்று காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

பின்னிக்கொண்டே பேசினாள். "பஸ் ஸ்டாண்டுல வழியனுப்பப் போனேன்க்கா. பஸ் கெளம்புற நேரம் சொம்மா மணிக்கட்டத்தான் புடிச்சேன். கூட வேல செய்றவங்க பாக்குறாங்கன்னு உதறிட்டாரு. நா அழுதது அவரு போறதுக்காக இல்ல, அதுக்காகத்தான்." நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. அது பெரிய தப்பு. காயில் சுற்றுகிற பெண்களுக்குக் கம்பியை விறைப்பாக இழுத்துப் பிடித்தே பழக்கம். தளர்ந்த காயிலை இன்ஸ்பெக்ஷனில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நூலையும் அவள் அப்படியே இழுத்திருக்கிறாள். பட்டை முடிந்தபோது அது வளையல் மாதிரி இருந்தது. எல்லோருடைய கைக்கும் சாம்பிள் பார்க்கிற நான் இவளுக்குப் பார்த்திருந்தால், தடித்த ஊசியைக் கொடுத்துச் சரிக்கட்டியிருப்பேன்.

அவள் போனதும் பிரித்துவிடலாம் என்று ஊசியை உருவினேன். நூலைப் பிடித்து இழுத்தால் போதும், இரண்டு நிமிட வேலை. இழுக்க மனம் வரவில்லை. எங்கேயாவது இறுக்கம் வந்துதான் தீர வேண்டுமென்றால் மணிக்கட்டுதான் அதற்கு நல்ல இடம், காற்று புகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அதுவல்ல என்று உங்களுக்கும் தெரியும். கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி, அதற்கு மேலே என் கையில் பின்னி முடித்தேன். வலது மணிக்கட்டு என்னுடையது என்பதால் அளவாக வந்தது. முடித்த அன்று ஜோசப்பை உட்காரவைத்து இடது கையை மாட்டிப் பார்த்தேன். மனிதர் கையைக் குவித்து உள்ளே விட்டார், பிறகு எழுந்து நின்று இழுத்துப் பார்த்தார். "பூறச்சொல்லோ பூந்துடுச்சு லில்லி. வெளிய வர்றதுக்குத்தான் மனசு இல்ல அதுக்கு."

எஸ்.டி.டி. பூத்

ஸ்வெட்டர் இமாச்சலத்துக்குப் போய்விட்டது. போட்டானா, பொருந்தியதா, மூச்சு இழுத்ததா, ஒன்றும் தெரியாது. பின்னுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. தையல்காரருக்காவது ஆள் எதிரில் நின்று சண்டை போடுவான். மார்கழி பிறந்து எங்கள் ஊரிலேயே விடியற்காலையில் லேசாகப் பனி இறங்கியது. அங்கே எப்படி இருக்கும் என்று நினைத்து நான்கூட ஜெபம் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பூத்தில் ஏழுமலையின் ஹாஸ்டலுக்குப் போன் போடுவாள் சரோஜா. லைன் கிடைக்காமல் பல வாரம் திரும்பினாள். ஒரு ஞாயிறு லைன் கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளே கத்தியது தெரு முழுக்கக் கேட்டதாம். நேரே என்னிடம்தான் வந்தாள். ஆவலாக எழுந்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். சேரில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஸ்வெட்டர் அளவா கீதான்னு கேட்டேன், 'கீது'ன்னாரு. ஒடம்பு எப்பிடி கீதுன்னு கேட்டேன், அதுக்கும் 'கீது'ன்னாரு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, வெச்சிடறேன்னு வெச்சிட்டாரு. இதுக்குத்தான் நா நாலு வாரம் லைன்ல நின்னனாக்கா?"

சித்திரையில் வந்த ஸ்வெட்டர்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மத்தியானம், ஜோசப்பும் வீட்டில் இருந்த நேரம், கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் சரோஜா. பக்கத்தில், கழுத்து வரைக்கும் ரிப் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலையிலிருந்து வியர்வை வழிய ஒரு ஆள். நான் அதுவரைக்கும் பார்த்தேயிராதவன். ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் மெத்தை அளவே இருந்தான். "அக்கா போட்டுப் பாக்கவே இல்லியே, போட்டுக் காட்டியே ஆவணும்னு பஸ்ல ஏத்திக் கூட்டியாந்துட்டேன்" என்றாள். பஸ்ஸில் அத்தனை பேரும் அவனைப் பார்த்திருப்பார்கள். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று முதலில் சொன்னான். நடுக் குளிரில் ஒருமுறை இழுக்கத்தான் செய்திருக்கிறது. ஸ்வெட்டரைக் கழற்றாமல், வெந்நீர் குடித்து, சுவரில் சாய்ந்தே விடியவிட்டிருக்கிறான். காலையில் தொழிற்சாலையில் வேலைக்குப் போய் நின்றுவிட்டான். யாருக்கும் தெரியாது. சரோஜாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது, அவன் சட்டைக் காலரைப் பிடிப்பதுபோல ஸ்வெட்டர் கழுத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். நான் சுற்றி வந்து பார்த்தேன். தோள் சரி, மார்பு சரி, இடுப்பு சரி. என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. பிறகுதான் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். பட்டை லேசாக மேலேறிய இடத்தில் தோலில் வரிவரியாகச் சிவப்பு.

தொழில் புத்தி விடுமா? "கழட்டிக் குடுங்க தம்பி, அந்தப் பட்டையை மட்டும் பிரிச்சுத் தளர்த்திப் பின்னித் தர்றேன்" என்று கையை நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாம்க்கா, அத்த மட்டும் தொடாதீங்க" என்றான். சொல்ல வெட்கமாக இருந்திருக்க வேண்டும், சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மீதியைச் சொன்னான். "அந்தக் குளிர்ல ஷிப்டுக்கு நடந்து போவசொல்லோ, யாரோ மணிக்கட்டப் புடிச்சிக்கினு கூடவே வர்ற மாதிரி இருக்கும்க்கா. மூச்சு இழுத்த அன்னிக்கும் அத்தப் புடிச்சிக்கினுதான் குந்திக்கினு இருந்தேன்."

அந்தப் பட்டையைப் பின்னியது யார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சரோஜா என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் மெதுவாகப் போய் அவனுடைய அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். நானும் ஜோசப்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், அவன் கையை எடுக்கவில்லை. அழுகையும் சிரிப்புமாகச் சரோஜா சொன்னாள்: "என் கைய உதறினியே, நா பின்னினத உதற முடிஞ்சிச்சா ஒன்னால?"

இந்தச் செய்தி எப்படியோ பரவி, அதற்கப்புறம் வந்த பெண்கள் அத்தனை பேரும் "ஒரு கை மட்டும் நா பின்றேன்க்கா" என்று உட்கார்ந்துவிட்டதால், எங்கள் பக்கத்திலிருந்து வடக்கே போன ஆண்பிள்ளைகள் பலருக்கு ஒரு மணிக்கட்டு அளவாகவும் ஒரு மணிக்கட்டு கோணல்மாணலாகவும் அமைந்துபோனதற்கு நான்தான் பொறுப்பு, அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.